பாதிப் பேச்சில் அணையும் போன்

கேப் கோஸ்ட் சந்தையில் அடோமாவின் சாப்பாட்டுக் கடைக்கு மதியம் தாமதமாகப் போனால் உட்கார இடம் கிடைக்காது. புளித்த சோள மாவில் அவள் கிண்டும் களிக்கும் வெண்டைக்காய்க் குழம்புக்கும் அவ்வளவு கிராக்கி. நான் அங்கே தினமும் சாப்பிடுகிறவன்.

அந்த வாரம் அடோமாவின் முகம் சரியில்லை. தார்க்வாவில் இருக்கும் தங்கை மான்சாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மான்சா கூப்பிடுவாள், பேச்சு சூடு பிடிக்கும், அடோமாவின் பட்டன் போன் பட்டென்று அணைந்துவிடும். மூன்று முறை இப்படியே. கடை ஓய்ந்ததும் இவள் திருப்பிக் கூப்பிட்டால் தங்கை எடுப்பதில்லை. கடைசியில் தங்கையின் கணவனிடமிருந்து செய்தி வந்தது: "பிடிக்கலைன்னா வாயால சொல்லிடுங்கக்கா. எதுக்கு போனை அணைக்கிறீங்க?"

"எது பிடிக்கலையாம்? அவ என்ன கேட்டான்னே எனக்குத் தெரியாதே!" என்று எங்களிடம் புலம்பினாள்.

பக்கத்து வரிசையில் போன் பழுது பார்க்கும் எபோவிடம் கொடுத்தாள். அவன் சார்ஜ் ஏற்றிப் பார்த்தான், வேறு பேட்டரி போட்டான், தன் போனிலிருந்து கூப்பிட்டு அரை மணி நேரம் அவளோடு வம்பளந்தான். அணையவே இல்லை.

"போன் நல்லாத்தான்க்கா இருக்கு. தங்கச்சிக்குப் பயந்து நீங்களே அமுக்கிடுறீங்களோ?"

"வாயில களியை அடைச்சிடுவேன், பாத்துக்கோ!"

மறுநாள் மதியம் எபோ சாப்பிட வந்திருந்தான். அடோமா அடுப்பிலிருந்த பெரிய பானை அசையாதபடி முட்டுக் கொடுத்த கம்பியைக் கால்களால் அழுத்திப் பிடித்து, இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மான்சாதான். அடோமா அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுடி, சொல்லு" என்றபடி இன்னும் வேகமாகக் கிண்டினாள். துடுப்பு சுற்றச் சுற்றத் தோளும் ஏறி இறங்கியது. போன் அணைந்தது.

"ஐயோ, மறுபடியும்!"

எபோ களிக் கையோடு எழுந்துவிட்டான். "அக்கா, நேத்து என் கடையில போனைக் கையில பிடிச்சுப் பேசுனீங்க. இங்க தோள்ல வச்சு நசுக்குறீங்க. பின் மூடி தளர்ந்து கிடக்கு. நீங்க ஆட ஆட உள்ளே பேட்டரி நகருது. நான் வேற பேட்டரி போட்டும் அதான் அணையுது."

கையைக் கழுவி மூடியைக் கழற்றினான். மருந்துப் பெட்டி அட்டையில் சின்னத் துண்டு கிழித்து, பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவில் திணித்து அழுத்தி மூடினான். உலுக்கினான், தட்டினான், அணையவில்லை.

"இருந்தாலும் தோள்ல வைக்காதீங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டு அவனே மான்சாவைக் கூப்பிட்டான். நல்லவேளை, எடுத்தாள்.

"இன்னும் என்னக்கா?" குரலில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை பேரு வைக்கிறோம். அவங்க வீட்டுலயும் சரின்னுட்டாங்க. குழந்தைக்கு உன் பேரை வைக்கலாமான்னு கேக்க வந்தாலே போனை அணைச்சிடுறியே. உனக்கு என்ன அவ்வளவு வெறுப்பு?"

வாய்க்குக் கொண்டுபோன களி சிலருக்குக் கையிலேயே நின்றது.

"என் பேரா?" துடுப்பை விட்டாள் அடோமா. "அடி கிறுக்கி, என் பேரா!"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். லாரி ஓட்டும் குவேசிதான் சாப்பாட்டு மேசையிலிருந்து கத்தினான்: "வைம்மா, தாராளமா வை! உங்க அக்கா இங்க அழுதுட்டு இருக்கு. களி வேற அடிப்பிடிக்குது!"

"யாருக்கா அது?"

"எல்லாரும்தான்டி கேட்டுட்டு இருக்காங்க" என்று அடோமா முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். "சனிக்கிழமையே வந்துடுறேன். நான்தான் சமைப்பேன்."

அன்று எங்களுக்குக் கிடைத்த களியில் லேசாகக் கருகல் வாடை. யாரும் குறை சொல்லவில்லை. எபோவுக்கு மட்டும் தட்டில் இரண்டு மீன் கூடுதலாக விழுந்தது.