இரும்புப் பெட்டியும் இரண்டு வருஷ கேரண்டியும்

சிங்காரத்துக்கு அழுகை வரவில்லை. பெண்டாட்டி செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. பவளத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு கதறியது. இவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "கல்லு நெஞ்சுக்காரன்லா" என்று பெண்கள் பேசினார்கள். பேசட்டும், யார் வாயை யார் மூடுவது? அவனுக்கே தன்மேல் அந்தச் சந்தேகம் இருந்தது. சோறு இறங்கியது, ருசி தெரியவில்லை. தூங்கினான், எழுந்தால் தூங்கின மாதிரியே இல்லை. பவளம் இருந்தவரை வீட்டில் பாத்திரம் உருளும், ரேடியோ பாடும், அவள் வாய் ஓயாது. அவள் போனதோடு வீடும் வாயை மூடிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, மகள் நவமணி. அம்மன் திருவிழாவில் பவளம் வருஷா வருஷம் பாடும் பாட்டை இந்த வருஷம் நவமணி பாடப்போகிறாள். அந்தப் பாட்டை அந்தப் பிள்ளை வாயால் மைக்கில் கேட்டால் உள்ளே அடைத்திருப்பது உடையும், மனுஷனாக ஒரு மூச்சு அழலாம் என்று அவன் எண்ணினான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அந்த ஆட்டத்துக்காகத்தான் காத்திருந்தான். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அழுவதற்கு நாள் குறித்து வைத்திருக்கிறேன் என்று எவனாவது சொல்வானா?

சிங்காரத்துக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்தைச் சுருட்டும் ரோலர்கள் ஓடும் கூடம். அங்கே வாயால் பேசுவது வீண் வேலை, கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. எல்லாம் கைதான். முஷ்டியை மடக்கிச் சுற்றினால் 'ஓடுது'. உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் 'நின்னுபோச்சு'. வாயசைவையும் கையசைவையும் பார்த்தே அந்தக் கூடத்து ஆட்கள் சண்டை போடுவார்கள், சம்பந்தம் பேசுவார்கள், துரையைக் கெட்ட வார்த்தையிலும் திட்டுவார்கள். துரை பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருப்பார், பாவம்.

கோயில் மைக் செட்டும் அவன் பொறுப்புதான். சத்தத்தைப் பெருக்கும் பழைய ஆம்ப்ளி பனி குடித்துச் செத்துவிட்டது. இந்த மலையில் எதுதான் பனி குடிக்காமல் இருக்கிறது? தீப்பெட்டியைக்கூட அடுப்பு மேலே வைத்தால்தான் பற்றும். திருவிழா வரியில் புது ஆம்ப்ளி வாங்குவதென்று கமிட்டி முடிவு செய்ததும் சண்டை ஆரம்பித்தது. கனமான பெட்டிதான் வேண்டும் என்றான் சிங்காரம்.

கோயில் தலைவர் ஆண்டியப்பன், பழைய கங்காணி. அவருடைய மருமகன் வீரப்பன் பிரிஞ்சாங் டவுனில் பூ வியாபாரம் செய்பவன், மைக் செட்டுப் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அலைபவன்.

"மாமா, இந்தக் காலத்துல செட்டை எடை போட்டா வாங்குவாங்க? மீட்டர் வச்சு அளந்து போட்டிருக்கான் பாருங்க. எவ்வளோ வாட்ஸ், எவ்வளோ மேல போகுது, கீழ போகுதுன்னு. அளந்தது பொய்யாவாதுலா" என்றான்.

"அளந்தவன் இந்தப் பனியில வச்சு அளந்தானா?" என்றான் சிங்காரம். "பொட்டி உறுதியா இருக்கணும். கேரண்டி இருக்கணும். திருவிழா நடுவுல செட்டு படுத்துட்டா ஒன் புத்தகத்தையா மரத்துல கட்டுறது?"

ஆண்டியப்பன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "ரெண்டு பேருமே கீழ ஈப்போ டவுனுக்குப் போங்க. கேட்டுப் பாத்து வாங்கியாங்க. சிங்காரம் காதுக்கு எது நல்லதுன்னு படுதோ அதுதான். மைக் செட்டு விசயத்துல அவன் காதுதான் நமக்குக் காது" என்று முடித்துவிட்டார்.

நவமணியும் கூட வந்தாள். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் எல்லாருக்கும் காது அடைத்தது. மலையிலிருந்து இறங்கினால் அடைக்கும், எச்சில் விழுங்கினால் விடும். சிங்காரமும் விழுங்கினான். விட்ட மாதிரியும் இருந்தது, விடாத மாதிரியும் இருந்தது. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈப்போ கடையில் தவுக்கே, அதான் சீன முதலாளி, இரண்டு செட்டை மேசைமேல் வைத்தான். ஒன்று பளபளவென்று அலுமினியம், ஒரு கையால் தூக்கிவிடலாம். வாட்ஸ் அதிகம், கேரண்டி மூன்றே மாதம். மற்றது இரும்புப் பெட்டி. அதைத் தூக்கி வைக்கையில் தவுக்கேயே 'அம்மாடி' என்பது போல இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வாட்ஸ் குறைவு, ஆனால் இரண்டு வருஷ கேரண்டி. பின்பக்கத் திருகாணிமேல் ஒரு காகிதச் சீல் ஒட்டியிருந்தது. அந்தச் சீல் கிழிந்தால் கேரண்டியும் கிழிந்தது என்று மலாய் மொழியில் இரண்டு தடவை சொன்னான்.

பிறகு தவுக்கே ஒரு இசைத்தட்டை ஓடவிட்டான். பாட்டு இல்லை, வெறும் ஓசை. அடிவயிற்று உறுமலில் தொடங்கி மேலே மேலே ஏறி விசிலாகப் போகும். எந்தச் செட்டு எதுவரை ஏறுகிறது என்று மீட்டர் முள் காட்டும்.

முதலில் அலுமினியம். உறுமல் கேட்டது, ஏறியது, ஏறிக்கொண்டே போய்ப் பட்டென்று நின்றுவிட்டது. முள் மட்டும் ஆடாமல் அசையாமல் உச்சியிலேயே நின்றது.

"பாத்தீங்களா அண்ணே, முள்ளு இறங்கவே இல்ல!" என்று வீரப்பன் குதித்தான்.

"சத்தம் நின்னு எவ்வளோ நேரமாச்சு, முள்ளு மட்டும் நிக்குது" என்றான் சிங்காரம். "மீட்டரு பொய் சொல்லுது."

வீரப்பன் வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்தான். விலை குறைக்க இந்த ஆள் வேஷம் கட்டுகிறான் என்று நினைத்துத் தவுக்கே சிரித்தான். நவமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்து நின்றாள். பிள்ளைக்கு இன்னும் காதடைப்பு விடவில்லை போலிருக்கிறது என்று சிங்காரம் நினைத்தான்.

இரும்புப் பெட்டியிலும் அப்படித்தான், மேலே போய் நின்றுவிட்டது. ஆனால் கீழ்ச்சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. அதில் முள் உச்சிக்குப் போகாமல் பாதியில் இறங்கியது. சத்தம் இல்லாத இடத்தில் முள்ளும் இல்லை, இதுதான் யோக்கியமான பெட்டி என்று அவனுக்குப் பட்டது. அளந்த கணக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும், இரும்பை நம்பலாம், சீலை நம்பலாம். இரும்பே வந்தது.

கோயிலில் பூஜை போட்டார்கள். பண்டாரம் பெட்டிக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, கை நிறையச் சந்தனத்தோடு பின்பக்கம் போனார்.

"சாமி, சாமி! அந்தக் காகிதத்துல மட்டும் வைக்காதீங்க. நனைஞ்சா கேரண்டி போயிரும்" என்று சிங்காரம் ஓடினான். "ரெண்டு வருசத்துக்கு அந்தச் சீலு மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. நானே வச்சாலும் என் கையை வெட்டுங்க."

சனம் சிரித்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில். அது தெரிந்தா சிரித்தார்கள்?

திருவிழா அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பனி இறங்கிவிட்டது. குழாய் ஸ்பீக்கர்களைத் தூரத்து மரங்களில் கட்டியிருந்தான். மேடையோரம் பெட்டியை வைத்துப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். உறுமி மேளம் முழங்கியது. ஆண்டியப்பன் பேசினார், அவர் இருமியது கூடக் கணீரென்று கேட்டது. வீரப்பனே வந்து தோளைத் தட்டி, "பரவால்லலா அண்ணே, இரும்பு இரும்புதான்" என்றான். சிங்காரத்துக்கு அதில்கூட சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மேளம் நின்றது. நவமணி வந்தாள், பவளத்தின் மஞ்சள் சேலையில். மைக்கைப் பிடித்தாள். கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

சிங்காரம் குமிழைத் திருகினான். ஒன்றுமில்லை. இன்னும் திருகினான். பெட்டியின் முகப்பில் இருந்த சின்ன முள் துள்ளித் துள்ளி ஆடியது. முள் என்றைக்கு உண்மை சொல்லியிருக்கிறது? நவமணியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. முதல் வரி போயிற்று, இரண்டாவது வரியும் போயிற்று. ஒரு வருஷமாகக் காத்திருந்த பாட்டு கண்ணெதிரே காற்றில் போய்க்கொண்டிருந்தது. ஐயோ, பாவிப் பெட்டியே, இன்றைக்கா நீ சாகவேண்டும்!

இடுப்பிலிருந்து திருப்புளியை உருவினான். பெட்டியைத் திருப்பினான். சந்தனம் படாமல் காப்பாற்றிய அந்தச் சீலைத் தன் கையாலேயே ஒரே கிழியாகக் கிழித்தான். திருகாணிகளைக் கழற்றினான்.

கூட்டத்திலிருந்து கருப்பையா எழுந்து ஓடிவந்தான். அவனும் ரோலர் கூடத்து ஆள்தான், சிங்காரத்தின் அடுத்த மிஷினில் நிற்பவன். ஓடிவரும்போதே முஷ்டியை மடக்கிச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். ஓடுது, ஓடுது!

சிங்காரம் உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினான். நின்னுபோச்சு.

கருப்பையா தலையைத் தலையை ஆட்டி மறுபடியும் முஷ்டியைச் சுற்றினான். இவனுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்துக்கொண்டு, உள்ளே இளகியிருப்பதாகப் பட்ட வயரைச் சிங்காரம் பிடித்து இழுத்தான். பொறி பறந்தது, வயர் கையோடு வந்துவிட்டது, முகப்பு விளக்கு அணைந்தது.

அப்போதுதான் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

அதுவரை கருப்பையாவைத் தவிர யாரும் திரும்பவில்லை. அதுவரை எல்லாரும் மேடையைப் பார்த்தபடி, வாய் பிளந்து, சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வயரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அத்தனை முகத்தையும் பார்த்தான். பாட்டு நின்றது இப்போதுதான் என்று விளங்கியது.

நவமணி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவன் முகத்துக்கு நேராக நின்று பேசினாள். அவன் அவள் வாயையே பார்த்தான்.

"நல்லாத்தானேப்பா கேட்டுச்சு? ஏன் புடுங்குனீங்க?"

"சத்தம் வரலயேம்மா."

"வந்துச்சுப்பா. அந்தாண்ட மலையில மோதித் திரும்பி வந்துச்சு." அவள் இன்னும் கிட்ட வந்தாள். "ஒங்களுக்குக் கேக்கலயா? வீட்டுல தெனமும் இதைத்தானே பாடிப் பழகுனேன், ஒங்க முதுகுக்குப் பின்னாலயே. நீங்க ஒரு நாளும் திரும்பிப் பாக்கல. அம்மா பாட்டுங்கறதால கேக்கப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன்ப்பா."

தினமுமா? சிங்காரம் தினமும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பின்னால் சத்தமில்லாத வீடு இருந்தது. வீடு வாயை மூடவில்லை. பவளம் பேசியதைக்கூடக் கடைசிக் காலத்தில் அவள் வாயைப் பார்த்தேதான் கேட்டிருக்கிறான். ஈப்போவில் முள்ளும் பொய் சொல்லவில்லை. ரோலர் கூடம் பல வருஷமாக அவன் காதிலிருந்து மெல்லிய சத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, உறுமலையும் மேளத்தையும் ஆம்பளைக் குரலையும் மட்டும் மிச்சம் வைத்திருந்தது. கையையும் வாயசைவையும் பார்த்தே பேசிப் பிழைத்ததில் அது யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. ஊரே நம்பிய காது!

வீரப்பன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சீலு போச்சு. இனிமே தவுக்கே தொடக்கூட மாட்டான்" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். சொன்ன உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஆண்டியப்பன் எழுந்தார். "பெட்டி கெடக்குது, அப்பறம் பாத்துக்கலாம். அம்மனுக்கு எடுத்த பாட்டு பாதியில நிக்கக் கூடாது. மைக் இல்லாட்டி என்ன, கிட்ட வந்து கேப்போம். பாடும்மா."

சனம் எழுந்து மேடையை ஒட்டி நெருக்கியடித்து உட்கார்ந்தது. கருப்பையா சிங்காரத்தைத் தோளைப் பிடித்து அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தான். நவமணி முதலிலிருந்து தொடங்கினாள். சிங்காரம் அவள் உதட்டைப் பார்த்தான். வார்த்தையெல்லாம் தெரிந்த வார்த்தைகள். ஒவ்வொன்றையும் உதட்டிலிருந்து எடுத்தான். எடுத்த வார்த்தைக்குப் போடக் குரல் வேண்டுமே, அவனிடம் இருந்தது பவளத்தின் குரல் ஒன்றுதான். மகளுடைய குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு வந்தது அவள் தாவணி போடாத வயதுக் குரல். அதற்குப் பிறகு வந்த குரல் எதையும் அவன் கேட்டதே இல்லை.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தடித்த சத்தம், கன்றைப் பிரிந்த மாடு கத்துவது போல. மேளக்காரர்களைப் பார்த்தான், சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ப்ளியைப் பார்த்தான், விளக்கு எரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் மறுபடியும் அவனையே பார்த்தார்கள். கருப்பையா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். சிங்காரம் தன் தொண்டையில் கையை வைத்துப் பார்த்தான். சத்தம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மேடையில் நவமணி பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைக்கவில்லை. முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றிக் காட்டினான்.