சிமெண்ட் சாக்குக் கைப்பை

1

நான் சொன்ன பாதி உண்மையிலிருந்து பிறந்த கதை இது. பெயருக்காகவே விலை போகும் ஆடம்பரப் பைகளைக் கேலி செய்ய, ஓவியரான என் தங்கை ஒரு கைப்பை வரைந்தாள். பழைய சிமெண்ட் சாக்கில் தைக்க வேண்டும். அதில் பொன்னிற முத்திரை ஒன்று, வேண்டுமென்றே கோணலாக.

கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் வேலையைக் கொடுத்தவன் நான். "கண்காட்சிக்கு" என்று மட்டும் சொன்னேன். கேலிக்கு என்று சொல்லவில்லை. பொய்க்கும் இதற்கும் கடவுளிடம் வேறுவேறு கணக்கு இருக்குமா, தெரியவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அக்கா ஓர் அப்பாவி, அவருக்கு…'

(அடித்துவிட்டேன். வெளிநாட்டுக்குப் பை தைக்கும் ஆலையில் பதினெட்டு வருடம் இருந்தவர். நூலிழை விலகினாலும் அவர் கண் பிடித்துவிடும். அந்தக் கண்ணை நான் மறந்ததுதான் பிழை.)

கண்காட்சித் திறப்பு நாள் காலை அக்கா பையோடு மேலே வந்தார்.

"பாப்பா, நீ வரைஞ்சதுல முத்திரை சாஞ்சிருந்துச்சு. அவசரத்துல வரைஞ்சிருப்பே. நான் நேராக்கிட்டேன்."

"ஐயோ அக்கா, அது வந்து…"

"உள்ள கைய விட்டுப் பாரு. சாக்கு கைய அறுக்குமில்ல? பருத்தித் துணி வச்சிருக்கேன். சாயங்காலம் எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரேன். நான் தச்சது எல்லாம் பெட்டியில போய்க் கப்பலேறிடும், ஒண்ணைக்கூட அவர் பாத்ததில்ல. ஆலையில தூங்கிட்டு வந்தேன்னு நெனைக்கிற மனுஷன்!"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

"அண்ணா, பிரிச்சுத் திரும்பக் கோணலாத் தைக்கணும்," என்றாள் தங்கை. "நேரா இருந்தா இது வெறும் நல்ல பை. யாரு சிரிப்பா?"

"அக்கா வந்து பாப்பாங்களே."

"தெரியுது. பேசாம இரு."

3

இந்த இடத்தில் தங்கை அழுதுகொண்டே ஊசியைக் கீழே போட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். (என் பழைய நோய். நான் எழுதினால் எல்லாரும் அழுது திருந்திவிடுவார்கள். என் தங்கை அழுகிறவள் இல்லை.)

இன்னொன்று: அவள் முத்திரையைப் பிரிக்க, நூல்… வேண்டாம். எழுதக் கை வரவில்லை.

நடந்தது இதுதான். நூலைப் பிரிக்கப் பிடிமானத்துக்காகப் பைக்குள் கையை விட்டாள். மூலைகளில்கூட மடித்துத் தைத்திருந்தது, யாரும் பார்க்கப்போகாத இடத்தில். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நேராவே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

4

ஆனால் கண்காட்சிக் கூடத்தின் வாசலில் 'கேலிக் கண்காட்சி' என்ற பலகை அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் சிரிக்கவே வருகிறார்கள். அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல இரண்டு முறை படியிறங்கினேன். இரண்டு முறையும் அவர் கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது இருவரும் கண்ணாடிப் பெட்டி முன் நிற்கிறார்கள். கணவர் குனிந்து பார்க்கிறார்.

"இது நீ தச்சதா?"

அக்கா தலையாட்டுகிறார்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்குப் பின்னால், அடுத்து பெட்டியைப் பார்க்கக் காத்திருப்பவர் நீங்கள்.