மேல்மண்

மருதனார்மடம் சந்தையிலை கத்தரிக்காய் தெரிஞ்சுகொண்டு நிண்டன். "சிவக்கொழுந்தற்றை தோட்டத்துக் குகைக்கை எலும்பு எடுக்கினமாம்" எண்டு ஆரோ கதைச்சது காதிலை விழுந்துது. காயை அப்பிடியே போட்டிட்டு ஓடினன். எங்கடை பக்கத்திலை எலும்பு எண்டால் வேறை என்னத்தை நினைக்கிறது?

என்ரை மகன் கீர்த்திகன் சண்டைக் காலத்திலை சைக்கிளிலை ரியூசனுக்குப் போனவன். திரும்பி வரேல்லை. என்ரை மனுசன் அருளம்பலம், கீரிமலையிலை செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டியைச் செய்து முடிப்பம் எண்டு கெஞ்சிக்கொண்டே இருக்கிறார். உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமோ எண்டு சட்டியைத் தூக்கி எறிஞ்சிருக்கிறன். நான் அப்பிடித்தான், பொல்லாதவள்.

குகை வாசலிலை கம்பஸிலை பழங்காலத்து எலும்பைப் பற்றிப் படிக்கிற கஜந்தினி எண்ட பிள்ளை அரிதட்டிலை மண் அரிச்சுக்கொண்டிருந்தாள்.

"ஆற்றை எலும்பு?" எண்டு கேட்டன்.

"எலியின்ரை, அம்மா."

"என்னைப் பேய்க்காட்டாதை."

பாவம், அவள் கோவிக்கேல்லை. உள்ளங்கையிலை வைச்சுக் காட்டினாள். அரிசிக் குறுணல் அளவு பல்லு. ஆந்தையள் எலியைத் திண்டிட்டு எலும்பைக் கக்குமாம், அது குகைக்கை சேருமாம்.

"இந்தச் சாதி எலி வெட்டையான புல்லுக்கைதான் இருக்கும். அப்ப இந்த இடம் ஒருகாலம் புல்வெளி. இதுக்குக் கீழை காட்டெலியின்ரை பல்லுத்தான் வருது, அதுக்கு முந்திக் காடு. கீழை போகப் போகப் பழசு, அம்மா. எத்தினையோ ஆயிரம் வருசம்."

சொல்லி முடிச்சிட்டு என்ரை முகத்தைப் பாத்தாள். பிறகுதான் அவளுக்கு விளங்கினது. என்ரை கையைப் பிடிச்சாள்.

"உங்கடை ஆக்கள் இல்லை, அம்மா. பயப்பிடாதையுங்கோ."

நான் சந்தோசப்பட்டிருக்க வேணும். பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டுதானே இவ்வளவு காலமும் ஊரோடை சண்டை பிடிச்சனான்? ஆனால் எனக்கு நெஞ்சு வெடிச்சுது. அவன்ரை ஒரு சின்ன எலும்பாவது கிடைக்கும் எண்டுதான் ஓடி வந்திருக்கிறன். அவன் செத்திட்டான் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். அதை அந்த இடத்திலைதான் ஒத்துக்கொண்டன்.

"பிள்ளை, மேல்மண்ணை என்ன செய்தனீங்கள்?"

"அது இப்பத்தை மண், அம்மா, எங்கடை காலத்திலை சேர்ந்தது. எங்களுக்கு உதவாது. உதிலை குவிச்சிருக்கு."

"அரிதட்டைத் தா."

அவள் அரிதட்டை என்னட்டைத் தந்திட்டு, தனக்கும் ஒண்டை எடுத்துக்கொண்டு வந்து, குவியலுக்கு மற்றப் பக்கம் குந்தினாள்.