எம்ரிஸ் நின்ற இடம்

1986 அக்டோபரில் எம்ரிஸ் செத்துப்போன பிறகு, மில்க் கேடட்ஸ் இசைக்குழு எந்த ஊர் மேடையில் ஏறினாலும், மேடையின் இடது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் காற்று கெட்டியாகிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கை வைத்தால் குளிர்ந்த அலமாரிக் கதவைத் தொட்டதுபோல் இருக்கும். மேடைப் புகை அதைச் சுற்றிக்கொண்டு போகும். ஷெஃபீல்டில் விளக்குப் போடுகிறவர் ஒருவர் அதன்மேல் ஏணியைச் சாய்த்து வைத்து வேலையை முடித்தார், ஏணி நழுவவில்லை. எங்கள் லீட்ஸில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் குழுவில் யார் விலகினாலும் கொஞ்ச காலம் இப்படி இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

குழு தொடங்கியது 1981-இல், ஒரு கம்பளக் கிடங்கின் மாடியில். பாடுவது லயனல், கசாப்புக்கடைக்காரர் மகன். சிந்தசைசர் வாசிப்பது எம்ரிஸ், வேல்ஸ் பக்கத்துச் சுரங்க ஊரிலிருந்து பொறியியல் படிக்க வந்து படிப்பைத் தொலைத்தவன். இன்னொரு சிந்தசைசருக்கும் தாள இயந்திரத்துக்கும் ரோலண்ட். முதல் பாட்டு வெளிவந்ததும் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, காதலிகள் உண்டா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். இசைத்தட்டு நிறுவனத்தார் சொல்லிக்கொடுத்திருந்த பதில் ஒன்று இருந்தது. லயனல் அதைச் சொல்லவில்லை. "பொண்ணுங்க விஷயமே எங்களுக்கு ஆகாதுங்க. நானும் எம்ரிஸும் ஒரே வீடு, ஒரே கட்டில். ரோலண்டுக்குத்தான் இன்னும் ஆள் அமையல. உங்களுக்குத் தம்பி கிம்பி இருந்தா சொல்லுங்க" என்றான். அது அப்படியே அச்சில் வந்தது. நிறுவனத்தார் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், ஆனால் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு குழுவில் சேருகிறவர் எவரும் ஆண்களை விரும்புகிறவராக இருக்க வேண்டும், அதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும் என்று லயனல் விதி போட்டான்.

ரோலண்ட் இரண்டு வருஷத்தில் விலகி, பிரைட்டனில் முடி திருத்தும் கடை வைத்தான். அவன் நின்ற இடத்தில் காற்று கொஞ்சம் தடித்து, தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே வாசனையோடு ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டுக் கலைந்துபோனது. அவனுக்குப் பதிலாக வந்த ஹாமிஷ் ஒரு ஓட்டல் பரிசாரகன் பின்னால் ஸ்பெயினுக்கு ஓடினான். அவனுடைய காற்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "ஆளே அவ்வளவுதானே" என்றான் லயனல்.

ஹாமிஷுக்குப் பதிலாக வந்தவன்தான் மால்கம். பட்ஸி ஊர்க்காரன். நூற்பாலை மூடியபின் தொழிலாளர் மன்றத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். விதியைச் சொன்னதும் கண்ணை இமைக்காமல், "ஆமாங்க, நானும் அப்படித்தான்" என்றான். கூட வந்திருந்த டோரீன் என்ற பெண்ணைத் தன் அக்கா என்று அறிமுகப்படுத்தினான். ஏறக்குறைய ஒரு வருஷம் வண்டி ஓடியது. தொலைக்காட்சி நிலையத்தில் ஒருநாள், பிளக் செருகாத சிந்தசைசர்களுக்கு முன்னால் நின்று வாசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு வெளியே வந்தபோது, ஒரு சின்னப் பெண் நடைபாதையில் ஓடி வந்து "அப்பா" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே அக்கா டோரீன், முகம் செத்துப்போய் நின்றாள்.

"எங்கப்பா முன்னாடி நான் இருவது வருஷம் நடிச்சேன்டா. உன்னால ஒரு வருஷம் தாங்க முடியலியா?" என்றான் லயனல்.

எம்ரிஸ் சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கும்வரை சிரித்தான். "விடு லயனல், இவன் இருக்கட்டும். ஒளிஞ்சு வாழறது எப்படின்னு கத்துக்கிட்டான், பாவம்" என்றான். மால்கம் இருந்துவிட்டான். எம்ரிஸுக்கு மூச்சு வாங்கியது சிரிப்பினால் மட்டுமில்லை என்பது அடுத்த மாதம் தெரிந்தது. எய்ட்ஸ்.

மருத்துவமனையில் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அம்மாக்காரி கிளெனிஸ் வந்து மகனை ஊருக்குக் கூட்டிப் போனாள். லயனல் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினான். அந்த அம்மாள் கத்தவில்லை. "உன்னை டிவியில பார்த்திருக்கேன்பா. இந்தத் தெருவுல எல்லாருமே பார்த்திருக்காங்க. நீ உள்ள வரக்கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். நாடு முழுக்கத் தெரிந்த முகம், நாடு முழுக்கத் தெரிந்த உறவு, அதனாலேயே அந்த ஒரு வாசல் மூடிக்கொண்டது. மறைத்து வாழ்ந்திருந்தால் நண்பன் என்று சொல்லி உள்ளே போயிருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. லயனலுக்கு ஆத்திரமும் வரவில்லை, எதுவும் வரவில்லை.

டோரீன்தான் யோசனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பழக் கேக் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மால்கமின் கையைக் கோத்தபடி போய் அதே கதவைத் தட்டினாள். இவர் எம்ரிஸோடு வேலை செய்தவர், நான் இவர் மனைவி என்றாள். டிவியில் மூலையில் நிற்கும் மால்கமின் முகம் யாருக்கும் நினைவில் இல்லை. "வாங்க, வாங்க, குளிர்ல நிக்காதீங்க" என்றாள் கிளெனிஸ்.

அந்தக் கோடை முழுக்க, அக்டோபர் வரையிலும் ஞாயிறுதோறும் போனார்கள். லயனல் தெருமுனையில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பான். எம்ரிஸ் தன் வாசிப்புகளை எல்லாம் போர்வைமேல் விரல்களை ஓட்டிக் காட்டிக்கொடுத்தான், மால்கம் அவன் விரல்களுக்குப் பக்கத்தில் தன் விரல்களை வைத்துக் கற்றுக்கொண்டான். வேனுக்குத் திரும்பியதும் லயனல் விசாரிப்பான். "கொஞ்சம் சூப் குடிச்சான்" என்பான் மால்கம். "என்ன சூப்பு?" "லீக்குத் தண்டு." லயனல் தலையாட்டிவிட்டு வேனைக் கிளப்புவான். கடைசி ஞாயிறன்று மால்கம் எம்ரிஸின் கையைப் பிடித்திருந்தான், டோரீன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். சவ அடக்கத்துக்கும் லயனலுக்கு அனுமதி இல்லை. சாலைக்கு எதிர்ப்புறம், ஆட்டுப்பட்டி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தான். அழுகை வருமா என்று காத்திருந்தான், வரவில்லை. பசித்தது, மீனும் சிப்ஸும் வாங்கிச் சாப்பிட்டான்.

அடுத்த மாதமே நிறுவனம் குவென்டின் என்கிற அழகான பையனை அனுப்பியது. அவன் எம்ரிஸின் இடத்துக்கு வேகமாக நடந்துபோய் மூக்கை இடித்துக்கொண்டான். வலது பக்கம் போய் நில் என்றார்கள், நின்றான். லயனல் பகல் ஒத்திகைகளில் தானும் நுழையப் பார்த்தான். தோளால் தள்ளிப் பார்த்தான். "டேய், நான்தான்டா" என்று கெஞ்சியும் பார்த்தான். திறக்கவில்லை. "அவங்க வீட்டுக் கதவு மாதிரியே இருக்கு" என்று டோரீனிடம் சொன்னான், வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல.

ஹல் நகரக் கச்சேரியில் அது நடந்தது. பாட்டின் நடுவே ஒரு கேபிள் கழன்றுவிட, அதைச் செருக மால்கம் குனிந்தபடி இடது ஓரத்துக்குப் போனான், அப்படியே உள்ளே நுழைந்து நிமிர்ந்தான். தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அங்கிருந்தபடியே கைக்கெட்டிய சிந்தசைசரில் எம்ரிஸின் வாசிப்பை வாசித்து முடித்தான். லயனல் இரண்டு வரியைக் கோட்டைவிட்டான்.

"உள்ள எப்படிடா இருக்கு?" என்று பிறகு கேட்டான்.

"வெதுவெதுன்னு இருக்கு. யாரோ இப்பத்தான் எழுந்துபோன நாற்காலி மாதிரி."

"என்னைப் பத்தி ஏதாவது..."

"பேச்சு ஒண்ணும் இல்ல லயனல். வெறும் சூடு."

மறுநாள் லயனல் மால்கமை வேலையை விட்டு நிறுத்தினான். காரணம் கேட்ட குவென்டினிடம், "பொண்டாட்டிக்காரனுக்கு இந்தக் குழுவுல இடமில்ல. விதி விதிதான்" என்றான். அந்த விதியை அவன் நினைத்துப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு குழு இறங்குமுகம். குவென்டின் தனியாகப் பாடப் போனான், அவன் இடத்தில் காற்று ஒன்றும் நிற்கவேயில்லை. இரட்டையர் இருவர் வந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஒரு பாதிரியார் மகன் வந்து, காதலனோடு கனடாவுக்குக் குடியேறினான். இசைத்தட்டு போய்க் குறுந்தகடு வந்தது, நிறுவனம் கைகழுவியது, கச்சேரிகள் கடற்கரை விடுமுறை முகாம்களுக்கு இறங்கின. இடது ஓரம் மட்டும் கெட்டியாகவே இருந்தது. லயனலுக்கு ஐம்பது தாண்டியது. இதற்கிடையில் யாரோடும் அவன் சேர்ந்து வாழவில்லை. எதிலும் ருசி இல்லை என்பான், புகாராகச் சொல்ல மாட்டான்.

ஒரு மத்தியானம் டோரீன் வந்தாள். காலில் வலி, மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்ததும் நேராகத் தொடங்கினாள்.

"நாங்க அந்த வீட்டுக்குப் போனது உனக்காக, கண்ணு. உன்னால போக முடியலைன்னு போனோம். உன்கிட்டேர்ந்து எதையோ திருடிட்டு வந்த மாதிரி அவனை ஏன் துரத்தின?"

லயனல் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.

"திருடலைன்னு தெரியும் டோரீன். ஆனா அது அவன்கிட்ட இருக்கு, என்கிட்ட இல்ல. அதை நான் எங்க போய்ச் சொல்றது?"

தேநீர் குடித்தார்கள். போகும்போது, "சனிக்கிழமை அவனை அனுப்பி வைக்கிறேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றாள்.

சனிக்கிழமை மால்கம் வந்தான், இருவரும் மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்கார்பரோ கடற்கரை அரங்கில் மால்கம் இடது ஓரத்தில் நுழைந்து, கடைசிப் பாட்டுக்கு முந்தியது வரை அங்கிருந்தே வாசித்தான். பிறகு வெளியே வந்து, அங்கே வெதுவெதுப்பேறியிருந்த தன் கோட்டைக் கழற்றி லயனலின் தோளில் போட்டுவிட்டான். கடைசிப் பாட்டுக்குத் தாள இயந்திரமே போதும். லயனல் கைகளை உள்ளே நுழைத்து, பொத்தான்களை எல்லாம் மாட்டிக்கொண்டு பாடினான். பாதிப் பாட்டில் அவன் முகம் கோணியது, கண் வழிந்தது, துடைக்காமல் பாடி முடித்தான். அங்கிருந்தவர்கள் அதைக் காட்சியின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது ஒவ்வொரு கச்சேரியிலும் அப்படித்தான். கோட்டின் சூடு குளிர்காலத்தில் முதல் சரணத்தோடு ஆறிவிடுகிறது, கோடையில் பாட்டு முடியும்வரை தாங்குகிறது. அதனால் மில்க் கேடட்ஸ் இப்போதெல்லாம் கோடையில் மட்டுமே கச்சேரி செய்கிறார்கள்.