நேர்வாளம் தின்றவன்

“நேர்வாளக் கொட்டை தின்னுருக்கான் நர்ஸம்மா. பேதி புடுங்குனா ஆஸ்பத்திரி, அங்க போனா கக்கூஸ் சுவரு, அதத் தாண்டுனா கொள்ளிடம். எனக்குத் தெரியாதா?”

“எத்தனை கொட்டை?”

“நாலஞ்சு இருக்கும்.”

“தின்னதைப் பாத்தீங்களா?”

“பாக்கணுமா என்ன? இருபது வருச சர்வீஸ்.”

ஏட்டு சிங்காரவேலு அந்த இருபது வருடத்தையும் மீசையில் வளர்த்து வைத்திருந்தார். சப்ஜெயில் கம்பிக்கு வெளியே அவர் நாற்காலியில், உள்ளே தா.பழூர் மதுரைவீரன் தன் கழிவிலேயே. யுத்தத்துக்காக நெல்லைக் கணக்கெடுத்த 1943-இல், களத்திலிருந்து இரண்டு படி நெல்லை மடியில் கட்டிக்கொண்டது அவன் குற்றம்.

நர்ஸ் மரிய புஷ்பம் கம்பிக்குள் கையை விட்டு அவன் புறங்கையைக் கிள்ளினாள். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. விரல்கள் சில்லிட்டிருந்தன. நாடி அகப்படவில்லை. சட்டியில் அரிசி கழுவிய தண்ணீரைப் போல வெளுத்த நீர்.

“வயிறு வலிக்குதா?”

இல்லை என்று தலையசைத்தான். கெண்டைக்காலைக் காட்டினான். குரல் போயிருந்தது.

“ஏட்டையா, நேர்வாளம் தின்னவன் வயித்தப் புடிச்சிக்கிட்டு உருளுவான். இவனுக்கு வயித்துவலியே இல்ல. இது காலரா. உடனே நரம்புல உப்புத் தண்ணி ஏத்தலேன்னா செத்துருவான்.”

“அந்த வார்த்தைய எழுதிடாதீங்க! ஜெயிலுக்குப் பொறுப்பான தாசில்தார் வருவாரு, உள்ள இருக்குற பதினோரு பேரையும் இடம் மாத்தணும். போன ஆடியில ஒருத்தன் ஆஸ்பத்திரியிலேந்து ஓடி, என் ஏட்டுப் பட்டையப் புடுங்கிட்டு இப்பத்தான் திருப்பிக் குடுத்தாங்க. ‘தானே வரவழைச்ச பேதி’ன்னு எழுதுங்க. டாக்டரு அப்படித்தான் எழுதுவாரு.”

“அவரு வந்து பாப்பாரா?”

“அவரு எதுக்கு வரணும்? நான் சொல்லுவேன், எழுதுவாரு.”

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கதைகளில் கைதிகள் சுரங்கம் தோண்டுவார்கள், கடலில் குதிப்பார்கள். உதட்டில் உட்கார்ந்த ஈயை விரட்ட முடியாத இவனைப் பார்த்து, இடுப்பில் சாவிக்கொத்து கட்டிய இந்த ஆள் பயப்படுகிறார்.

பதிவேட்டை இழுத்துக் ‘காலரா’ என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“வாசல்ல வண்டி நிக்குது. திறங்க.”

“தாசில்தாரு முகாமுக்குப் போயிருக்காரு. நாளைக்கு வந்துருவாரு, கேட்டுக்கிட்டு...”

“நாளைக்கு இவன் இருக்க மாட்டான்.”

“ஓடிட்டான்னா?”

மரிய புஷ்பம் வளையலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, வெறும் மணிக்கட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“இவன் கையோட என் கையையும் சேத்து விலங்கு மாட்டுங்க. ஓடுனா என்னையும் இழுத்துக்கிட்டு ஓடட்டும். இப்ப அந்தச் சாவியக் குடுங்க ஏட்டையா.”