விருந்தாளிப் பக்கத்து மீன்

"தனித்தனித் தட்டா? நாங்க என்ன சண்டை போட்டுப் பிரிஞ்ச குடும்பமா?" என்று ஜெகான் போட்ட சத்தத்தில், துணி உலர்த்துகிற சாக்கில் பக்கத்து வீட்டுக்காரி நான் சுவரோரம் வந்துவிட்டேன்.

திட்டு வாங்கியவள் டெனிங். பாலூட்டும் தாய்மார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுக்கிறார்களாம். கவ்லாக்கில் எங்கள் தெருவுக்குத் தராசோடு வந்தவள். ஜெகான் மனைவி மாரேமுக்குக் கைக்குழந்தை, எழுந்தாலே தலைசுற்றல். அவள் வயிற்றுக்கு என்ன போகிறது என்று டெனிங்குக்குத் தெரிந்தாக வேண்டும். நிறுத்துப் பார்க்கத்தான் தனித்தட்டு கேட்டாள்.

"சரி அண்ணே, ஒரே தாம்பாளத்துலயே சாப்பிடுங்க. கூட உக்காந்து பாத்துக்கறேன்" என்று இறங்கி வந்தாள்.

ஒரே தாம்பாளத்தைச் சுற்றி எல்லாரும், சோற்றின் நடுவே மீன். மாரேம் பிய்த்துப் பிய்த்து அவரவர் பக்கம் தள்ளினாள். நல்ல துண்டெல்லாம் டெனிங் பக்கம் குவிந்தது. விருந்தாளி முன்னால் வெறும் சோறு கிடந்தால் எங்கள் ஊரில் மானம் போய்விடும். மறுநாளும் அதே கதை.

"அளக்க வந்த மீனை நானே தின்னுட்டிருக்கேன்க்கா" என்று என்னிடம் புலம்பினாள். வேறு வீடு பாரேன் என்றேன்.

"எங்க போனாலும் விருந்தாளிதானே. இங்கயே விருந்தாளியா இல்லாம ஆகிக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் வந்தாள். வெங்காயம் உரித்தாள், சட்டி தேய்த்தாள். தராசைத் தூக்கிவர ஜெகானின் தம்பி லாத்தீர் வாசலிலேயே காத்திருந்தான், அதையும் கவனித்தேன். ஒரு மத்தியானம் மாரேம் எரிந்து விழுந்தாள்: "மசமசன்னு நிக்காம தண்ணி கொண்டா." டெனிங் முகம் மலர்ந்துவிட்டது.

அன்று அவள் முன்னால் வெறும் சோறு. மாரேம் முன்னாலும் வெறும் சோறுதான்.

டெனிங் அதை எல்லார் முன்னாலும் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்று ஜெகான் மனைவி மேல் பாய்ந்தான்.

"பங்கு போடறது என் கை. என் பக்கமே எப்படித் தள்ளிக்கறது?" என்றாள் மாரேம்.

ஜெகான் தன் பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, முள்ளோடு, அவள் பக்கம் தள்ளினான். தினமும் தள்ளுகிறானா என்று பார்த்த பிறகே டெனிங் தராசை மூட்டை கட்டினாள்.

மழைக்காலம் முடிந்ததும் லாத்தீர் அவளைக் கட்டிக்கொண்டு தம்பகுண்டாவுக்குக் குடிபோனான். அங்கே பங்கு போடுவது இப்போது டெனிங்கின் கை. அவள் பக்கம் மீன் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் என் பக்கம் குவித்தாள். அதனால், சட்டி தேய்க்கச் சொல்லும்வரை தங்கியிருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். லாத்தீர் அவள் பக்கம் தள்ளுகிறான், முள்ளையும் எடுத்துவிட்டு.