திருத்தப்படாத படம்

“அழிச்சிட்டியா? எல்லாத்தையுமா?”

“கேமரா கார்டை எத்தன நாள்தான் வெச்சிருக்கறது? உனக்குக் குடுத்தேன், நீ ஓகேன்ன, நான் ஃபார்மேட் பண்ணிட்டேன். மைசூர்ல கல்யாணம் எடுத்துட்டிருக்கேன்மா, பொண்ணு மேடைக்கு வரப் போகுது. என்ன ஆச்சு, சொல்லு.”

“ஒண்ணுமில்ல டெரிக். சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்கற குரலா இது?”

வைஷ்ணவி போனைக் கவிழ்த்து வைத்தாள். கணினித் திரையில் ஒரு பெண் கத்தரிப்பூ நிறக் கைத்தறிப் புடவையில் முக்காலி மேல் உட்கார்ந்து, படத்துக்கு வெளியே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொசுவத்துக்கு மேலே, முந்தானை விலகிய இடத்தில், அவள் வயிறு மடிந்து இறங்கியிருந்தது. மடிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதன் மேல் தோல் புதுச் சோப்பைப் போல வழவழவென்றிருந்தது. பிள்ளை பெற்ற தழும்புகள் அங்கே இருந்திருந்தன. காலையில் படத்தைத் திறந்தபோது பார்த்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எப்படி இருந்தன என்பதுதான் நினைவில்லை. அழிக்கிறவர்களுக்கு அழித்தது நினைவில் நிற்பதில்லை.

புடவைக் கம்பெனி கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். விளம்பர மாடல்கள் வேண்டாம், சாதாரணப் பெண்கள் போதும், உடம்பில் எதையும் தொடக் கூடாது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ‘இந்தப் படம் திருத்தப்படவில்லை’ என்று போடப் போகிறார்கள். அப்படியிருந்தும் படம் வைஷ்ணவியிடம் வந்ததற்குக் காரணம் புடவையின் நிறம். கேமராவில் கத்தரிப்பூ நீலமாகிவிடும். நீலத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் நிறத்தை மட்டும் சரிசெய்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினாள். பேசிக்கொண்டிருந்தபோது கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வருஷக்கணக்காக எந்தப் படம் வந்தாலும் முதலில் தோலைத் துடைத்துப் பழகிய கை. அதே கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டது.

மதியம் முழுக்க வரைந்து பார்த்தாள். மெல்லிய தூரிகையால் போட்ட கோடுகள் சுவரில் விட்ட விரிசல் போல இருந்தன. இணையத்தில் தேடினாள். நூற்றுக்கணக்கான வயிறுகள் வந்தன. நல்ல வெளிச்சத்தில், கடற்கரையில், வெள்ளைப் படுக்கை விரிப்பில், தங்களைத் தாங்களே அணைத்துக்கொண்டு நிற்கும் பெண்களின் வயிறுகள். அவற்றில் ஒன்றை எடுக்கலாம்தான். ஆனால் அது யாரோ ஒருத்தியுடையது. எங்காவது, யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள். அவளுக்குத் தெரிந்து, யாருமே பார்த்திராத வயிறு ஒன்றுதான் இருந்தது.

அலுவலகக் கழிவறையின் வென்டிலேட்டர் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்தது. ஸ்டூடியோவிலும் ஜன்னல் இடது பக்கம்தான். குர்த்தியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு போனைக் கீழே இறக்கியபோது, வயிற்றை நினைப்பதற்கு முன்னால் அவள் வெளிச்சத்தைத்தான் நினைத்தாள். மகள் பிறந்த பிறகு அவள் அதை நேராகப் பார்த்ததில்லை. வீட்டில் குளியலறைக் கண்ணாடி முகத்துக்கு மட்டும் அளவானது. உடை மாற்றுவதும் அங்கேதான், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. இப்போது போனில் தெரிந்தவை வெள்ளியும் ஊதாவுமாக, நேர்நேராக நின்றன. மழைக் கம்பிகள். அவளுக்கு அழுகை வரவில்லை. பேட்டரி குறைவாக இருப்பது கண்ணில் பட்டது.

படத்தின் மேல் படத்தை வைத்து, மடிப்புக்கேற்ப வளைத்து, நிறத்தைப் பொருத்தினாள். அலுவலகத்தை நடத்தும் வீணா மேடம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். சந்தோஷம் வந்தால் தமிழுக்குள் கன்னடம் வந்துவிடும்.

“சக்கத்தா இருக்கு கணம்மா. பாரு, எவ்வளவு ரியல். இதான் வேணும் நமக்கு. எதையும் தொடலையே நீ?”

“கலர் மட்டும்தான் மேடம்.”

படம் வெளியான மறுநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது வைஷ்ணவி அதன் கீழே குவிந்திருந்த கமெண்டுகளைப் படித்தாள். இதயங்கள், தீ, கைகூப்பல்கள். ‘இவ்வளவு நாள் என் வயிற்றை வெறுத்ததற்கு இன்று அதனிடம் மன்னிப்புக் கேட்டேன்’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ‘நாளையிலிருந்து நானும் இடுப்பில் பின் குத்தப் போவதில்லை’ என்றாள் இன்னொருத்தி. எவளோ அந்தத் தழும்புகளை மின்னல் என்று சொல்லியிருந்தாள். எல்லாம் தன் தோலைப் பார்த்துச் சொன்னவைதான். தனக்குள் ஏதாவது அசையும் என்று வைஷ்ணவி காத்திருந்தாள், சிக்னலில் வண்டி நகரக் காத்திருப்பது போல. எதுவும் நகரவில்லை. சோர்வு மட்டும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது. முன்பெல்லாம் ஒளித்து வைத்தால் போதுமாக இருந்தது. இனி ஒளித்து வைப்பதற்காகவும் வெட்கப்பட வேண்டும். சமையல், பஸ், பிள்ளையின் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் நடுவே தன்னை நேசிக்கவும் நேரம் ஒதுக்க வேண்டும். அந்தப் பெண்களுக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது இவ்வளவு தெம்பு என்று யோசித்தபடியே ஜீவனஹள்ளி நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள். திரும்பி நடக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன் ரகுராம் பூண்டு உரித்துக்கொண்டே போனை அவள் பக்கம் நீட்டினான்.

“இது உங்க ஆபீஸ் படம்தானே? எங்க டீம்ல பொண்ணுங்க எல்லாம் ஸ்டேட்டஸ் வெச்சிருக்காங்க.”

“ம்.”

“சூப்பரா இருக்குல்ல? நாமதான் இதையெல்லாம் என்னமோன்னு நெனச்சுக்கறோம். பாரு, இந்தக் கோடு கூட அழகாத்தான் இருக்கு.”

“எது?”

“இதும்மா.” அவன் இரண்டு விரல்களைத் திரையில் வைத்து மெல்ல விரித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வயிறு பெரிதாகி வந்தது. பூண்டு வாசனையுள்ள அந்தக் கட்டைவிரல் அதன் மேல் சற்று நேரம் நின்றது. “எவ்ளோ தைரியம் இந்தப் பொண்ணுக்கு.”

அவன் கெட்டவன் இல்லை. பிரசவ வார்டில் நர்ஸ் திட்டியும் வெளியே போகாமல் நின்றவன். தாழ்ப்பாளைப் போட்டது அவள்தான். அவன் ஒருநாளும் தட்டவில்லை, அவ்வளவுதான். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் அடுத்த பல்லை உரிக்கத் தொடங்கியிருந்தான்.

“குழம்புக்கு இது போதுமா?” என்றான்.

“போதும்.”

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வீணா மேடம் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். “வைஷ்ணவி, சங்கமித்ரா வந்திருக்காங்க. புடவைப் படத்துல இருக்கறவங்க. வெள்ளிக்கிழமை லைவ்ல பேசப் போறாங்க, அதுக்கு ப்ரீஃப் பண்ணணும். நான் போன் கால்ல இருக்கேன், கொஞ்சம் பாத்துக்கோ.”

சங்கமித்ரா படத்தில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். ஒக்கலிபுரத்தில் நர்சரி பள்ளி ஆசிரியை. பள்ளியிலிருந்து நேரே வந்திருப்பாள். புடவை ஓரத்தில் சாக்பீஸ் தூள் இருந்தது. வெளியில் எங்காவது பேசலாமா என்று கேட்டாள். இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். ஏசி இயந்திரங்கள் சூடான காற்றைக் கக்கிக்கொண்டிருந்தன.

“கம்ப்யூட்டர்ல படத்தைப் பாக்கறது நீங்கதான்னு மேடம் சொன்னாங்க. அது என்னோடது இல்லீங்க.”

வைஷ்ணவி மாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கே மொதல்ல தெரியல. மூஞ்சி நல்லா வந்திருக்குன்னு அதையே பாத்துட்டிருந்தேன். எங்க வீட்டுக்காருதான் சொன்னாரு, ஏய், இது நீ இல்லடீன்னு. உனக்குத் தொப்புள்கிட்ட இருந்து சாய்ஞ்சு போவும், இது என்ன, சோல்ஜர் மாதிரி நிக்குதுன்னாரு. விரலாலயே வரைஞ்சு காட்டுனாரு மனுசன்.” அவள் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். “எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர், மேல ஏத்திப் பின் குத்து, புள்ளைங்க பயந்துக்கும்னு எல்லார் முன்னாடியும் சொன்னா. அதுக்காகத்தான் இந்தப் படத்துக்கே வந்தேன். நல்லா பாருடீன்னு காட்டணும்னு. இப்ப அவளே மெசேஜ் போட்டிருக்கா, நெஜமாவே அழகா இருக்கு மித்ரா, ஸாரின்னு. நான் என்னன்னு பதில் போடறது? அவ பாத்தது என்னோடதே இல்லியே.”

“அழிஞ்சிடுச்சு,” என்றாள் வைஷ்ணவி. “நான்தான். வேணும்னு இல்லீங்க. கைப்பழக்கம். ஒரிஜினலும் இல்ல.”

“அப்ப இது? நெட்ல எடுத்ததா?”

“என்னோடது.”

சங்கமித்ரா அவள் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று வைஷ்ணவி எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வேலை போகும், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

“மேடமுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது.”

“வீட்டுக்காருக்கு?”

“அவரே எங்கிட்ட படத்தைக் காட்டுனாரு. அழகா இருக்குன்னாரு.” கொஞ்சம் நிறுத்தி, “யாரோ ஒரு பொண்ணுன்னு நெனச்சு” என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது.  சங்கமித்ரா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே தெருவைப் பார்த்தாள். படிக்கட்டிலிருந்து வீணா மேடத்தின் குரல் கேட்டது, “எல்லிதீரா ரெண்டு பேரும்? வாங்க, டைம் ஆகுது!”

“வெள்ளிக்கிழம எல்லாரும் எனக்குத்தான் நன்றி சொல்லுவாங்க,” என்றாள் சங்கமித்ரா, குரலைத் தாழ்த்தி. “சொல்லட்டும். ஆனா யாரோடத வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியணும்ல? என்னோடத நீங்க பாத்துட்டீங்க. உங்களோடத ஒரு தடவ காட்டுறீங்களா? படத்துல இல்ல.”

இயந்திரக் காற்றில் வைஷ்ணவியின் குர்த்தி முன்பக்கம் படபடவென்று எழும்பியது. அவள் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். படியில் செருப்புச் சத்தம் மேலே ஏறி வந்தது.